உப்புத் தண்ணீர் ஊரில் உப்பு சோப்பு: மூன்று உப்பைப் போட்டுப் பார்த்தேன்

கல்லிடைக்குறிச்சியில் பிறந்து திசையன்விளைக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். ஆற்றுத் தண்ணீரில் குளித்து வளர்ந்த உடம்புக்கு இந்த ஊர் போர் தண்ணீர் பழக ஒரு வருஷம் ஆனது. சோப்பு மட்டும் கடைசி வரை பழகவில்லை. தாமிரபரணியில் ஒரு இழுப்பு இழுத்தால் நுரை முழங்கை வரை வந்துவிடும். இங்கே அதே சோப்பை எவ்வளவு தேய்த்தாலும் திரிந்த பால் மாதிரி வெள்ளைத் திப்பிதான் வரும். தலைக்குப் போட்டால் முடி சடை சடையாக ஒட்டும். வாளியின் உள்பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் படியும். தேரிக்காட்டு ஓரத்திலும் உவரி பக்கத்திலும் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லி விளங்க வேண்டியதில்லை.

31 வருஷம் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்திவிட்டு ஓய்வு பெற்றேன். அதற்குப் பிறகுதான் வீட்டில் சோப்பு செய்யத் தொடங்கினேன். நல்லெண்ணெய், வேப்பெண்ணெய், விளக்கெண்ணெய் எல்லாம் கலந்து பார்த்தாயிற்று. ஆனால் இந்தத் தண்ணீருக்கு நின்றது ஒன்றே ஒன்றுதான், தேங்காய் எண்ணெயில் செய்து, அந்த எண்ணெயின் எடையில் பாதி உப்பு போட்ட சோப்பு. அந்த உப்பு எந்த உப்பாக இருக்க வேண்டும் என்பதுதான் இந்த மதிப்புரை. கடையில் கிடைக்கிற இந்துப்பு, பாக்கெட் பொடி உப்பு, கல் உப்பு மூன்றையும் ஒரே அளவில் போட்டு, ஆறு மாதம் குளித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

உப்பு வாங்கப் போனபோது கடை அண்ணாச்சி கேட்டார்: "என்ன டீச்சர், இத்தன கிலோ வாங்குதிய? மாங்கா ஊறுகாயா போடுதிய?"

"சோப்புக்கு, அண்ணாச்சி."

"சோப்புக்கா? உப்பு போட்டா நுரையே வராதுல்லா?"

அவர் கேட்டது சரியான கேள்வி. சாதாரண சோப்பை உப்புத் தண்ணீரில் போட்டால் அது கரைய மறுக்கும். சோப்பிலும் சோடியம், உப்பிலும் சோடியம். தண்ணீரில் ஏற்கெனவே சோடியம் நிறைய இருந்தால் சோப்பு இன்னும் கரைவதற்கு இடம் குறைந்துவிடுகிறது. வகுப்பில் பொது அயனி விளைவு என்று எத்தனை முறை கரும்பலகையில் எழுதியிருப்பேன்! பெரிய சோப்புத் தொழிற்சாலைகளில் இதையே வேலையாக வைத்திருக்கிறார்கள். கொதிக்கிற சோப்புக் கலவையில் உப்புக் கரைசலை ஊற்றுவார்கள். சோப்பு தனியாகத் திரண்டு மேலே மிதக்கும், கிளிசரினும் மிச்ச நீரும் கீழே தங்கிவிடும்.

தேங்காய் எண்ணெய் இதற்கு விலக்கு. அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அந்த அமிலத்தின் சோப்பு உப்புத் தண்ணீரிலும் கரையும். கப்பலில் போகிறவர்கள் கடல் தண்ணீரில் குளிப்பதற்கென்று முன்னே தனியாக சோப்பு விற்றார்கள், அதுவும் தேங்காய் எண்ணெய் சோப்புதான். அதனால் உப்பு சோப்புக்கு வேறு எண்ணெயை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். நூற்றுக்கு எண்பது பங்காவது தேங்காய் எண்ணெய் இருக்க வேண்டும். நான் முழுக்கவே தேங்காய் எண்ணெய்தான் போடுகிறேன்.

என் அளவு இது: தேங்காய் எண்ணெய் 500 கிராம், காஸ்டிக் சோடா 73 கிராம், தண்ணீர் 180 கிராம், உப்பு 250 கிராம். எல்லாமே தராசில் நிறுத்தது. தண்ணீரைக்கூட டம்ளரில் அளக்காதீர்கள். 500 கிராம் தேங்காய் எண்ணெயை முழுக்க சோப்பாக்க 91 கிராமுக்குச் சற்று மேலேயே காஸ்டிக் சோடா வேண்டும். நான் வேண்டுமென்றே ஐந்தில் ஒரு பங்கு குறைக்கிறேன். அப்போது கொஞ்சம் எண்ணெய் சோப்பாக மாறாமல் அப்படியே தங்கும். அது இல்லாவிட்டால் தேங்காய் எண்ணெய் சோப்பு உடம்பில் இருக்கிற எண்ணெயை எல்லாம் உரித்துக்கொண்டு போய்விடும். குளித்து வந்ததும் காலில் நகத்தால் கீறினால் வெள்ளைக்கோடு விழும்.

காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். தண்ணீரைக் காஸ்டிக் மேல் ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் நான் டப்பாவையே திறப்பதில்லை. போட்ட ஒரு நிமிஷத்தில் பாத்திரம் கையால் தொட முடியாத சூடாகிவிடும். சன்னல் ஓரமாக வைத்துச் செய்யுங்கள், பேரப்பிள்ளைகள் வீட்டில் இருக்கும் நாளில் செய்யாதீர்கள். தப்பித் தவறிக் கையில் பட்டால் வினிகரைத் தேடி ஓட வேண்டாம். குழாயைத் திறந்து தண்ணீரில் நெடுநேரம் காட்டிக்கொண்டே இருங்கள்.

எண்ணெயும் காஸ்டிக் தண்ணீரும் சேர்ந்து, கரண்டியிலிருந்து ஒழுகுவது மேலே கோடு விழுந்து நிற்கிற பதம் வர வேண்டும். ஏறக்குறைய மோர்க்குழம்பு பதம். அப்போதுதான் உப்பைக் கொட்டிக் கிளற வேண்டும். முதல்லேயே கொட்டினால் அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

முதல் தடவை நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் செய்ய வேண்டாம். மற்ற சோப்பு மாதிரியே பெரிய தட்டில் ஊற்றி, ராத்திரி மூடி வைத்துவிட்டுக் காலையில் கத்தியை வைத்தேன். ஆறிப்போன மைசூர்பாகில் கத்தி வைத்தால் எப்படி உடையுமோ அப்படி உடைந்தது. ஓரமெல்லாம் பொடி. ஒரு துண்டு நேராக வரவில்லை. உப்பு சோப்பு மற்ற சோப்பைப் போல ஒரு நாள் காத்திருக்காது. ஊற்றின ஒன்றிரண்டு மணி நேரத்தில், இளஞ்சூடு இருக்கும்போதே வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொன்றையும் தனித்தனி அச்சில் ஊற்ற வேண்டும்.

என் அத்தைக்கு வயது எண்பதைத் தாண்டியாயிற்று. கருப்பட்டி காய்ச்சின குடும்பம். நான் உடைந்த சோப்பைப் பொறுக்குவதைப் பார்த்துவிட்டு, "கருப்பட்டிய யாராவது தட்டுல ஊத்தி வெட்டுவாளா? செரட்டைல ஊத்துட்டி" என்றார்கள். எவ்வளவு சரியான யோசனை! அடுத்த தடவை நான்கு சிரட்டையை நன்றாகச் சுரண்டி, எண்ணெய் தடவி ஊற்றினேன். வடிவம் அழகாக வந்தது, கையில் பிடிக்க வாகாகவும் இருந்தது. ஆனால் சிரட்டையின் நிறம் இறங்கி சோப்பின் முதுகு பழுப்பாகிவிட்டது. அத்தை இட்லித் தட்டையும் எடுத்துக் கொடுத்தார்கள். அதை வாங்கி மறுபடி அலமாரியில் வைத்தேன், ஏனென்றால் அது பழைய அலுமினியத் தட்டு. காஸ்டிக் சோடா அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். சோப்பும் போய்விடும், தட்டும் போய்விடும். எவர்சில்வர் தட்டாக இருந்தால் பயமில்லை. இப்போது நான் பயன்படுத்துவது சிலிக்கான் அச்சு. ஒரு தடவைக்குப் பத்து சோப்பு வருகிறது.

இனி உப்புக்கு வருகிறேன்.

இந்துப்பைப் பற்றிச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடலாம். கிலோ 110 ரூபாய் கொடுத்து வாங்கினேன். சோப்பு இளஞ்சிவப்பாக வரும் என்று ஆசையாக இருந்தது. அந்த நிறம் இரும்புச் சத்தால் வருவது, அதுவும் மிகக் கொஞ்சம். பொடியாக்கி எண்ணெயில் கலந்ததும் நிறம் காணாமல் போய்விட்டது. வந்தது பழைய வேட்டியின் நிறம். பாக்கெட்டில் தாதுக்கள் என்று பெரிய பட்டியல் போட்டிருந்தது. உடம்பில் ஒரு நிமிஷம் இருந்துவிட்டுத் தண்ணீரோடு ஓடிப்போகிற சோப்பில் அந்தத் தாதுக்கள் என்ன செய்துவிடும்? பொடி என்று எழுதி வந்த பாக்கெட்டில் கூரான துணுக்குகளும் கிடந்தன. அதில் ஒன்று என் தோளில் சிவப்புக் கீறல் போட்டது. மிக்ஸியில் மறுபடி அடித்துச் சலித்துப் போட்ட பிறகு சோப்பு நன்றாகவே இருந்தது, ஆனால் 28 ரூபாய் உப்பில் செய்த சோப்பை விட எந்த விதத்திலும் மேலாக இல்லை. 100க்கு 55 மதிப்பெண்.

அந்த 28 ரூபாய் உப்பு, நாம் சமையலுக்கு வாங்குகிற பாக்கெட் பொடி உப்புதான். அயோடின் சேர்த்த உப்பு சோப்புக்கு ஆகுமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தாராளமாக ஆகும். நம் கைக்கு வரும் உப்பில் பத்து லட்சம் பங்குக்கு 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும் என்பதுதான் விதி. அவ்வளவு கொஞ்சம் அயோடின் சோப்பை எதுவும் செய்வதில்லை. மணி ஒரே சீராக இருப்பதால் கலக்கும்போது கட்டி விழவில்லை. முதல் இரண்டு குளியலுக்குக் கொஞ்சம் சொரசொரவென்று இருந்தது. மூன்றாம் நாள் அந்தச் சோப்பைக் கையில் எடுத்தபோது எனக்கு எங்கள் வீட்டுச் சந்தனக்கல் ஞாபகம் வந்தது. மூன்று தலைமுறை உரசி உரசி நடுவில் குழிந்து வழவழவென்று இருக்கும் அந்தக் கல்லின் குளிர்ச்சி அப்படியே இருந்தது. நுரை குமிழ் குமிழாகப் பொங்காது. பால் ஏடு மாதிரி கெட்டியாக உடம்போடு ஒட்டி நிற்கும். 100க்கு 90.

கல் உப்பு ஜெயிக்க வேண்டும் என்றுதான் என் மனசு கேட்டது. தூத்துக்குடி உப்பு நம் உப்பு. 1986-இல் மாவட்டத்தைப் பிரிக்கும் வரை அந்த உப்பளங்கள் எல்லாம் திருநெல்வேலிச் சீமைதான். எங்கள் அப்பா ஆறுமுகனேரியில் வேலை பார்த்தபோது பள்ளி விடுமுறைக்கு அங்கே போயிருக்கிறேன். பாத்தியில் வெயில் கண்ணைக் குத்தும். பெண்கள் தலையில் துணியை இழுத்துப் போட்டுக்கொண்டு உப்பு வாரிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் குதிகாலில் இருந்த வெடிப்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு இருப்பது இந்தக் குதிகால்களால்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் குவித்து வைத்திருந்த உப்பெல்லாம் கரைந்து போனபோது எனக்கு சொந்த வீட்டில் நஷ்டம் வந்த மாதிரி இருந்தது. காஸ்டிக் சோடாவும் உப்பின் பிள்ளைதானே. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தித்தான் அதை எடுக்கிறார்கள், பக்கத்திலேயே சாகுபுரத்தில் எடுக்கிறார்கள். எண்ணெய், உப்பு, காஸ்டிக் மூன்றும் நம் மண்ணிலேயே கிடைக்கும்போது வேறு எங்கே தேட வேண்டும் என்று நினைத்துத்தான் கல் உப்பை வாங்கினேன். கிலோ 20 ரூபாய்.

மிக்ஸியில் பொடித்துப் போட்டேன். சோப்பு வந்தது. ஆனால் புரட்டாசி கடைசியில் முதல் மழை இறங்கினதும் அலமாரியில் இருந்த பத்து சோப்பும் வேர்த்துவிட்டன. ஒவ்வொன்றின் மேலும் முத்து முத்தாகத் தண்ணீர். துடைத்து வைத்தால் மறுநாள் மறுபடி. பொடி உப்பு சோப்பும் மழைக்காலத்தில் கொஞ்சம் ஈரம் காட்டும்தான், ஆனால் இப்படித் தட்டில் தேங்கவில்லை.

ஏன் என்று பார்க்க ஒரு கண்ணாடி டம்ளரில் கல் உப்பைக் கரைத்து, துணியில் வடிகட்டி, தெளிந்த நீரில் காஸ்டிக் கரைசல் பத்துச் சொட்டு விட்டேன். விட்ட இடத்தில் வெள்ளையாக ஒரு புகை மாதிரி இறங்கியது. பிறகு டம்ளர் முழுக்கப் பால் போலக் கலங்கி, அரை மணி நேரத்தில் அடியில் பஞ்சு மாதிரி படிந்தது. பக்கத்து டம்ளரில் பாக்கெட் உப்பு இருந்தது. அதில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதுவுமே வரவில்லை. அந்தப் பஞ்சு மக்னீசியம் ஹைட்ராக்சைடு. கடல் நீரில் இருக்கிற மக்னீசியம் குளோரைடு கல் உப்பில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டே வரும். காற்றிலிருக்கும் ஈரத்தை அது இழுக்கும், சோப்போடு சேர்ந்து திப்பியையும் உண்டாக்கும். எந்தத் திப்பிக்குப் பயந்து இவ்வளவும் செய்கிறேனோ அதையே நான் உள்ளே போட்டிருக்கிறேன். மருந்துக்கடையில் கிடைக்கிற பேதி உப்பைச் சோப்பில் போடவே கூடாது என்பதும் இதனால்தான், அது முழுக்க மக்னீசியம் சல்பேட்.

விட மனமில்லை. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் ஒரு சின்ன உப்பளம் போட்டேன். ஒரு கிலோ கல் உப்பை மூன்று லிட்டர் தண்ணீரில் கரைத்து, பழைய வேட்டியை நான்காக மடித்து வடிகட்டி, அகலமான எவர்சில்வர் தாம்பாளங்களில் ஊற்றினேன். மேலே கொசுவலை. இரண்டாம் நாள் ஓரத்தில் வெள்ளைக் கோடு. மூன்றாம் நாள் நீரின் மேல் சதுரம் சதுரமாக ஏடு மிதந்தது. ஒவ்வொன்றும் நடுவில் பள்ளமாக, தலைகீழாக நிற்கிற குட்டிக் கோபுரம் மாதிரி இருந்தது. முழுக்கக் காய விடக்கூடாது, இதுதான் சூட்சுமம். அடியில் ஒரு டம்ளர் நீர் மிச்சம் இருக்கும்போதே உப்பை வாரிவிட்டு, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும். நுனி நாக்கில் வைத்துப் பார்த்தேன், வேப்பங்கொழுந்து மாதிரி கசந்தது. மக்னீசியம் எல்லாம் அந்தக் கசப்பு நீரில் தங்கிவிட்டது. உப்பளத்திலும் கடைசி நீரை இப்படித்தான் வெளியே விடுவார்கள்.

அந்த உப்பைக் காய வைத்துப் பொடித்துச் செய்த சோப்புக்கு 95 போடுகிறேன். பாக்கெட் உப்பை விட ஐந்து மதிப்பெண் கூடுதல், மணியை நம் இஷ்டத்துக்கு மாவு மாதிரி அரைத்துக்கொள்ள முடிகிறது என்பதற்காக. முதல் நாளிலிருந்தே சொரசொரப்பு இல்லை. நேரம் இருக்கிறவர்கள் இதைச் செய்யுங்கள். நேரம் இல்லாவிட்டால் கூச்சப்படாமல் பாக்கெட் பொடி உப்பை வாங்குங்கள்.

நுரையைக் கண்ணால் மட்டும் நம்பவில்லை. ஒரே மாதிரி நான்கு பாட்டில், ஒவ்வொன்றிலும் 100 மில்லி எங்கள் போர் தண்ணீர், ஒரு கிராம் சீவின சோப்பு, இருபது குலுக்கு. கடை சோப்பு போட்ட பாட்டிலில் அரை விரல் நுரை வந்து, மூச்சு விடுவதற்குள் உட்கார்ந்துவிட்டது. கீழே திப்பி. உப்பு சோப்பு மூன்றிலும் இரண்டு விரலுக்குக் குறையவில்லை. உவரிக்குப் போனபோது கடல் தண்ணீரும் ஒரு பாட்டில் எடுத்துவந்து பார்த்தேன். அதில் உப்பு சோப்புக்கும் கொஞ்சம் திப்பி வந்தது, ஆனால் ஒரு விரல் நுரையும் வந்தது. கடை சோப்பு துளிகூட நுரைக்கவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். வெட்டுக்காயம், சொறிந்த இடம், சவரம் செய்த முகம், இதிலெல்லாம் பட்டால் சுரீர் என்று எரியும். என் வீட்டுக்காரர் முகத்துக்கு இதைத் தொடுவதே இல்லை. கைக்குழந்தைக்கு வேண்டாம். தோல் வியாதியைக் குணமாக்கும் என்று யாராவது சொல்லி விற்றால் வாங்காதீர்கள், இது அழுக்குப் போக்குகிற சோப்பு, அவ்வளவுதான். தண்ணீர் தேங்குகிற சோப்பு டப்பாவில் வைத்தால் ஓரம் கரைந்து அசிங்கமாகும். நான் பத்தமடைக் கோரைப் பாயின் ஓரத்துண்டை மடித்து அதன் மேல் வைத்திருக்கிறேன், தண்ணீர் நிற்பதில்லை. செய்த மறுநாளே கல் மாதிரி இறுகிவிடுவதால் அன்றைக்கே எடுத்துக் குளிக்கத் தோன்றும். ஆறு வாரமாவது காற்றில் வைத்துவிட்டு எடுங்கள். நான்காம் வாரத்தில் எடுத்ததற்கும் எட்டாம் வாரத்தில் எடுத்ததற்கும் நுரையில் இருந்த வித்தியாசத்தை நானே பார்த்தேன்.

தேங்காய் எண்ணெய் விற்கிற விலைக்கு இவ்வளவு ஆகுமா என்றால், எங்கள் இரண்டு பேருக்கு ஒரு சோப்பு ஐந்து வாரம் வருகிறது. முன்பு கடை சோப்பு மூன்று வாரம் தாண்டாது.

உப்பு சோப்பு வேண்டாம், சாதாரண சோப்பே போதும் என்கிறவர்களுக்கும் உப்பு உதவும். நல்லெண்ணெயோ விளக்கெண்ணெயோ சேர்ந்த சோப்பு அச்சை விட்டு வராமல் மூன்று நாள் கொழகொழவென்று நிற்கும். 500 கிராம் எண்ணெய்க்கு ஒரு சிறிய ஸ்பூன் உப்பு போதும், மறுநாளே கழன்று வரும். அதைக் காஸ்டிக் போடுவதற்கு முன்பே தண்ணீரில் முழுக்கக் கரைத்துவிட வேண்டும். காஸ்டிக் போட்ட பிறகு உப்பு சரியாகக் கரையாது. ஒரு ஸ்பூன் மூன்றாகிவிட்டால் அந்த எண்ணெய்களில் நுரை செத்துவிடும், அங்கே அண்ணாச்சி சொன்னதுதான் நடக்கும்.

போன மாதம் கல்லிடைக்குறிச்சிக்கு நான்கு சோப்பு எடுத்துப் போனேன். ஆற்றில் குளித்துவிட்டு வந்த மைனி, "நம்ம தண்ணிக்கு எந்த சோப்பு போட்டாலும் நுரைக்கும், இது எதுக்கு?" என்று கேட்டாள். அவளுக்கு இது தேவையில்லை, உண்மைதான். மிச்சம் மூன்றையும் திருப்பி எடுத்துவந்துவிட்டேன். ஒன்று அண்ணாச்சிக்கு. அவர் கடைப்பையன் போன வாரம் வந்து, "அண்ணாச்சி இன்னும் ரெண்டு கேட்டாவ, டீச்சர்" என்று ஒரு கிலோ கல் உப்புப் பையை வாசலில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். வெயில் நன்றாக அடிக்கிறது, தாம்பாளத்தை மாடிக்கு ஏற்றியாயிற்று.